பாவாவுக்குப் பூசிய நீலம்

என் ஸ்டூடியோவின் பின்பக்கத்து வெயிலில் என் அக்காள் புருஷன் கோதண்டம் பாவா கோவணத்தோடு நின்றுகொண்டிருக்கிறார். இரண்டு கைகளையும் விரித்து, பக்கத்துக்கு ஒன்றாக உலக்கையைப் பிடித்திருக்கிறார். உட்காரக் கூடாது. சாயக் கூடாது. தொடையோடு தொடை ஒட்டக் கூடாது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடம்பெல்லாம் வெளிர் நீலம். வெள்ளை வேட்டிக்குப் போடுவோமே, அதே நீலம். அதன்மேல் கருப்புப் பட்டைகள், பின்னால் ஒரு வால்.

இதற்குப் பெயர் புலி.

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். அன்றைக்குத் திருத்தணியில் நேரில் பார்த்தவர்களே நம்பவில்லை. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த ஒருவர், "இன்னாய்யா இது, கிருஷ்ணர் வேஷமா?" என்று கேட்டார். கிருஷ்ணருக்கு ஏது வால் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மொட்டைகளும் சந்தனமும்

சென்ற வாரம் நான் எழுதியதைப் படித்த ஒரு வாசகர், மொட்டை அடித்துக்கொண்டவர்களைக் கேலி செய்துவிட்டதாகக் கோபித்திருக்கிறார். ஐயா, எனக்குச் சோறு போட்டதே அந்த மொட்டைகள்தான். மலையில் முடி இறக்கிவிட்டு வருகிற குடும்பங்கள் அடிவாரத்தில் என் கடையில் ஒரு படம் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை வரும்போது படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் அப்பா யார், சித்தப்பா யார் என்று என்னிடமே கேட்கும். நானும் கை போனபடி காட்டி அனுப்புவேன்.

ஒரே ஒரு தொல்லை உண்டு. அந்தக் காலத்தில் படம் பிடிக்கக் கண்ணாடித் தகடுதான். யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் நல்ல தகடு கிடைக்காது. எனக்குக் கிடைத்த மட்டரகத் தகட்டுக்கு நீலம் வெள்ளையாகத் தெரியும், மஞ்சளும் சிவப்பும் கருப்பாகத் தெரியும். சந்தனம் அப்பிய மொட்டைகள் படத்தில் அடிப்பிடித்த சட்டிகளாக வரும். ஆகவே காமிரா முன்னால் உட்காருமுன் சந்தனத்தைத் துடைக்கச் சொல்வேன். துடைக்க மாட்டேன் என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுச் சுவர்களில் இன்றும் அந்தச் சட்டிகள் தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்படிச் சந்தனத்தைத் துடைத்து, அடக்கமாக உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்ட ஒரு மொட்டைதான் கதையை ஆரம்பித்துவைத்தார். அவர் மதராஸில் ஒரு சினிமாக் கம்பெனி மானேஜர்.

புலிக்குக் கறி கட்டுப்படியாகவில்லை

மானேஜருக்கு ஒரு கவலை. அவர்கள் எடுக்கும் படத்தில் கதாநாயகியைக் காட்டில் புலி துரத்த வேண்டும். நிஜப் புலி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது வேளாவேளைக்குக் கறி தின்றுவிட்டு, காமிராவைப் பார்த்ததும் படுத்துத் தூங்கிவிடுமாம். யுத்தக் காலத்தில் மனிதனுக்கே அரிசி அளந்து கொடுக்கிறார்கள். தூங்குகிற புலிக்கு யார் கறி போடுவது?

"கஞ்சி குடிக்கிற புலி ஒன்று இருக்கிறது" என்று நான் சொன்னேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. பாவா அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறவர். ஆனால் திருவிழா வந்தால் புலி. அவர் வேஷம் கட்டினால் ஆர்.கே.பேட்டையிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்ப்பார்கள். பதுங்குவார், பிட்டத்தைச் சிலுப்புவார், நின்ற இடத்திலிருந்து ஆள் உயரம் எகிறுவார். அதற்கு மேல் அவருடைய மீசை. அதை முறுக்கிவிட்டுக்கொண்டு அவர் உறுமினால் கைக்குழந்தைகள் மட்டுமல்ல, கடன் கேட்க வந்தவர்களும் பின்வாங்குவார்கள்.

அந்தப் புலி வீட்டில் அப்போது பட்டினி. சண்டை போட்டுக்கொண்டிருந்த எந்த தேசத்தாருக்கும் அம்மையார்குப்பம் என்று ஓர் ஊர் இருப்பது தெரியாது. ஆனாலும் அவர்களுடைய சண்டையால் எங்களுக்கு நூல் வரவில்லை. தறி சும்மா கிடந்தது. அக்காள் நாகம்மா ஒரு வேளைக் கூழை இரண்டு வேளையாக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் என் கடைக்கு வந்தால் முதலில் சாப்பாட்டுப் பானையைத்தான் பார்த்தன. அதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை.

மானேஜர் மொட்டையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எங்க முதலாளி ஆளைப் பார்க்க மாட்டார்ப்பா, போட்டோவைத்தான் பார்ப்பார். வேஷத்தோட ஒரு போட்டோ எடுத்து வை. நான் அடுத்த கிருத்திகைக்கு வருவேன். போட்டோவுல புலி புலியா இருந்தா மாசச் சம்பளம்."

மாசச் சம்பளம் என்ற வார்த்தையை நான் அக்காளிடம் சொன்னபோது அவள் என்னை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

சுவரில் பிறந்த புலி

புலி என்றால் பெயின்டர் ரங்கையா. நகரிப் பக்கத்துக்காரர். கடைகளுக்கு போர்டு எழுதுவார், வண்டிச் சக்கரத்துக் குடத்துக்கு வர்ணம் அடிப்பார், திருவிழாவில் மனிதர்கள் மேல் புலி எழுதுவார். உலகத்தில் இந்த மூன்று தொழிலும் தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்பது அவர் அபிப்பிராயம். மறுப்பதற்கு எங்களிடம் வேறு ஆள் இல்லை.

என் ஸ்டூடியோச் சுவரில் சாக்கட்டியால் பாவாவின் உருவத்தைக் கோடு போட்டுத் திட்டம் தீட்டினார். நிற்கும்போது வயிற்றில் போடும் பட்டை குனிந்தால் மடிப்புக்குள் போய்விடும். அதனால் பாவாவைப் பதுங்கிய நிலையில் உட்காரவைத்து, முதுகிலும் விலாவிலும் கரியால் குறி வைத்துக்கொண்டார். பாவா காலையிலிருந்து பதுங்கியே இருந்தார். இடையில் தண்ணீர் கேட்டதற்கு, "புலி இன்னா சொம்பிலயா குடிக்குது?" என்றார் ரங்கையா.

என் ஸ்டூடியோவில் இருந்த ஒரே திரைச்சீலையில் பளிங்கு மண்டபமும், ஏரியும், இரண்டு வாத்துகளும் உண்டு. அதன் முன்னால் புலியை நிறுத்தினால் சமஸ்தானத்துக்கு விருந்தாளியாக வந்ததுபோல் இருக்கும். ஆகவே பின்பக்கத்தில் வேலியோரம் சவுக்குக் கிளைகளை நட்டுக் காடு செய்தோம். பாயும் புலி அந்தரத்தில் நிற்காது, என் காமிராவோ நிற்காத எதையும் பிடிக்காது. அதனால் ஒரு முக்காலியின்மேல் வயிற்றைக் கொடுத்துப் பாய வேண்டியது, முக்காலியைக் கிளையால் மறைப்பது என்று முடிவாயிற்று. இவ்வளவு மூளை செலவழிந்த காடு எங்கள் தாலுகாவில் வேறு கிடையாது.

பிறகு வர்ணம். இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, மஞ்சள் போட்டா படத்துல கருப்பாயிடும். என் மொட்டைகளைப் பாருங்க."

ரங்கையா தூரிகையைக் கீழே வைத்தார். "தம்பி, நீ மொட்டைய புடிக்கிறவன். மொட்டையும் புலியும் ஒண்ணா? என் மஞ்சள பாத்து ஆடு கயித்த அத்துகினு ஓடிக்கீது. ஒன் காமிராவுக்குத் தெரியாதா?"

பாவாவும் அவர் கட்சி. தகடு என்னிடம் இருந்தது இரண்டே. ஒன்றை மஞ்சள் புலிக்குச் செலவழித்தேன்.

கழுவிப் பார்த்தபோது சவுக்குத் தோப்பில் ஒரு கரடி முக்காலியில் படுத்திருந்தது. பட்டையும் கருப்பு, இடைவெளியும் கருப்பு. மீசைகூடத் தெரியவில்லை. அக்காள் படத்தை வாங்கி நேராகவும் தலைகீழாகவும் பார்த்தாள். "இதுல எங்க வூட்டுக்காரரு எங்க கீறாரு?" என்றாள். நான் விரல் வைத்துக் காட்டினேன். அவள் படத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ரங்கையா காமிராவைப் பழித்தார், வெயிலைப் பழித்தார், பிறகு சவுக்கு மரத்தையும் பழித்தார்.

நிறத்தை மாற்றலாம், வழியை மாற்றக் கூடாது

மிச்சமிருந்தது ஒரு தகடு. நான் சொன்னேன்: மஞ்சள் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் வெளிர் நீலம் பூசினால், படத்தில் வெளுப்பாக வரும், பட்டை எடுப்பாகத் தெரியும்.

ரங்கையா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீலப் புலி எழுதினான் ரங்கையான்னு நாளைக்கு ஊர் சொல்லும். நான் போறேன்."

அக்காள் வாசலை மறித்துக்கொண்டு என்னைக் கேட்டாள். "டேய் வரதா, நீலம் பூசினா படத்துல புலியா வருமாடா?"

"வரும்க்கா."

"அப்ப பூசுங்கண்ணே. ஊரு எனக்குச் சோறு போடல."

ரங்கையா துண்டை மறுபடி இடுப்பில் கட்டினார். ஆனால் பாவா அசையவில்லை. அவருக்கு வேறு கஷ்டம். எங்கள் பக்கத்தில் புலி வேஷத்துக்கு ஒரு முறை உண்டு. எல்லாப் பட்டையும் போட்டு முடித்தபின் கடைசியாகக் கண்ணுக்கு மை தீட்டுவார்கள். அதற்குப் பெயர் கண் திறப்பது. கண் திறந்த பிறகு அவன் மனிதன் இல்லை, பேசக் கூடாது. மேளத்தோடு தெருவைச் சுற்றி வந்து, அம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை வாயால் கவ்வி எடுத்தால்தான் வேஷத்தைக் கலைக்கலாம். மஞ்சள் புலிக்கு அதைச் செய்தாயிற்று, ஊரும் கைதட்டிற்று.

"நீலத்தோட தெரு சுத்தணும்டா" என்றார் பாவா. குரலே எழும்பவில்லை.

"சுத்தாம போட்டோ எடுத்துட்டு கழுவிடலாமே" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் என் காமிராவே கருகியிருக்கும். புலிக்கு வெளுக்கிற நீலம் பூசலாம். முக்காலியில் படுக்கவைக்கலாம். ஆனால் தெரு சுற்றாமல் கலைப்பது மட்டும் தகாது. தர்க்கம் எங்கே என்று கேட்காதீர்கள், நான் அன்றே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பேசாத புலி

அப்படித்தான் பாவா உலக்கைகளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். வெள்ளைப் பொடியும் நீலமும் எண்ணெயில் குழைத்தது, லேசில் காயவில்லை. ரங்கையா முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினார். ஆனால் எழுத எழுத அவர் சுளிப்பு போய்விட்டதை நான் கவனித்தேன். ஓர் இடத்தில் பூசுவார், என்னைக் கூப்பிட்டு, "இது எப்படி விழும்?" என்பார். இன்னும் கொஞ்சம் வெளுப்பு, இங்கே கொஞ்சம் கருப்பு என்பேன். வயிற்றுக்கு லேசாக நீலம் காட்டிய வெள்ளை, முதுகுக்கு நீலம், விலாவில் இரண்டும் கலந்து. அவருக்குப் பிடித்துவிட்டது. ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

கடைசியில் ரங்கையா மை தீட்டிக் கண் திறந்தார். பாவா முக்காலியில் பாய்ந்தார். நான் கருப்புத் துணிக்குள் தலையை விட்டேன். "பாவா, மூச்சு விடாதீங்க" என்றேன். அவர் விடவில்லை. மூடியைத் திறந்து மூடினேன். எங்கள் கடைசித் தகடு முடிந்தது.

அதற்குப் பிறகு தெரு. மேளக்காரர் அடிக்கத் தொடங்கியதும் ஜனங்கள் வழக்கம்போல் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் வழக்கம்போல் நிற்கவில்லை, சிரித்தார்கள். "புலிக்குச் சளி புடிச்சிகினு கீது." "வண்ணான் தொட்டியில வுழுந்துட்டாரு." "நூல் இல்லன்னு ஆள நனைச்சிட்டாங்களா?" இந்தக் கடைசியைச் சொன்னவன் பாவாவோடு கூடத் தறி நெய்தவன்.

பாவா பேசவில்லை. புலி பேசக் கூடாது. மற்ற நாளில் அவர் உறுமினாலே தெரு ஒதுங்கும், அன்று உறுமினாலும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவர் மட்டும் ஓரிடத்தில்கூட நடையைக் குறைக்கவில்லை. பதுங்க வேண்டிய இடத்தில் பதுங்கினார், எகிற வேண்டிய இடத்தில் எகிறினார். ஒரு அடவு விடவில்லை. அம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தைக் கவ்வி எடுத்தபோது சிரிப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது.

கலைக்க மண்ணெண்ணெய் வேண்டும். அதுவும் ரேஷன். அக்காள் விளக்குக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்து துணியில் நனைத்து அவர் முதுகைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "யாரு யாரு சிரிச்சாங்கன்னு சொல்லுங்க" என்றாள். கண் மையைக் கழுவிய பிறகும் அவர் சொல்லவில்லை.

படம்? படம் புலி. வேறு வார்த்தை கிடையாது. வெளுத்த வயிறு, வரிவரியாக விலா, காட்டிலிருந்து பாய்கிற பாய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலே அந்த மீசை. என் தொழிலில் அதைவிட நல்ல படம் நான் பிடித்ததில்லை.

மானேஜர் திரும்பி வந்தார்

கிருத்திகைக்கு வந்த மானேஜருக்கு முடி முளைத்திருந்தது. படத்தைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். "பிரமாதம்ப்பா! நிஜப் புலிகூட இப்படி இல்லை."

பாவா மீசையைத் தடவிக்கொண்டார். அவர் காது மடலில் இன்னும் நீலம் இருந்தது. ரங்கையா மூலையில் உட்கார்ந்திருந்தார், அக்காள் கதவோரம் நின்றாள்.

"ஆனா பாரு," என்றார் மானேஜர், "கதையில புலியை எடுத்துட்டாங்க. இப்ப வில்லன்தான் துரத்துறான். அவனுக்கு ஏற்கெனவே சம்பளம் கொடுக்கிறோமில்ல."

அக்காள் கதவைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த மனுஷன் தலையில் மறுபடி ஒரு முறை கத்தி வைக்க வேண்டும்போல் இருந்தது.

மானேஜர் படத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன கலர்ல பூசினது?" என்றார். நீலம் என்றதும், பூசிய ஆள் யார் என்றார். அவர்கள் காமிராவும் அப்படித்தானாம். எந்த வர்ணம் எப்படி விழும் என்று சொல்ல ஆளில்லையாம். கதாநாயகியின் உதடு ஒரு காட்சியில் இருக்கிறதாம், மறு காட்சியில் காணோமாம். ரங்கையா உடனே வந்தால் உடனே வேலை.

நீலப் புலிக்குப் பயந்து துண்டை உதறிய ரங்கையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நான் அவரை மனதுக்குள் திட்டி முடிப்பதற்குள் அவர் சொன்னார்: "வரேன் சார். ஆனா எனக்கு அடுத்தவன் ஒடம்புல கை வராது. பூசிப் பாக்க இந்த ஒடம்புதான் வேணும். இதையும் சேத்து எடுத்துக்குங்க, இல்லன்னா வேற ஆள பாருங்க."

சிநேகத்தில் சொன்னாரா, கர்வத்தில் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மானேஜர் பாவாவை மேலும் கீழும் பார்த்தார். "சரி. கதாநாயகிக்குப் போடறதுக்கு முன்னாடி இவர் மூஞ்சியில போட்டு டெஸ்ட் எடுக்கலாம். மீசையை எடுத்துடணும்."

பாவா அக்காளைப் பார்த்தார். அக்காள் மானேஜரைப் பார்த்துக் கேட்டாள். "சம்பளம் மாசா மாசம் வருமாங்க?"

"வரும்மா."

பாவா வெளியே போனார். அடிவாரத்தில் நாவிதர்களுக்கா பஞ்சம்? திரும்பி வந்தபோது அவர் மேலுதடு வெளுப்பாக, யாரோ ஒருவருடையதுபோல் இருந்தது. என்னைப் பார்த்து, "இதுவும் மலைமேல கீற தணிகாசலத்துக்கு முடி எறக்கினதா வெச்சிக்க" என்றார்.

மண் தரையில் ஒரு சாயங்காலம்

சம்பளம் மாசா மாசம் வந்தது. அக்காள் வீட்டில் இரண்டு வேளையும் அடுப்பு எரிந்தது. பிள்ளைகள் என் கடைக்கு வந்தால் பானையை விட்டுவிட்டு வாத்துத் திரைச்சீலையைப் பார்க்க ஆரம்பித்தன. பாவா லீவில் வரும்போதெல்லாம் ஊர் ஒரே கேள்வியைக் கேட்டது: "எந்தப் படத்துல வர்றே?" எந்தப் படத்திலும் வரவில்லை. ஒரு கன்னத்தில் ஒரு சாயம், மறு கன்னத்தில் வேறு சாயம், உதட்டில் ரங்கையா குழைத்த ஏதோ ஒன்று. விளக்கைப் போட்டு, ஒரு அடி பிலிம் ஓடும். பிறகு கழுவிக்கொள்வார். அவ்வளவுதான் உத்தியோகம். ஆள் உயரம் எகிறிய மனிதர் நாள் முழுவதும் நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு தடவை அவர் வந்திருந்தபோது எங்கள் ஊர்க் கூடாரக் கொட்டகையில் புலியை எடுத்துவிட்ட அந்தப் படமே வந்தது. அம்மையார்குப்பத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சாயங்கால ஆட்டம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் கயிறு. கயிற்றுக்கு இந்தப்புறம் பாவாவும் நானும், அந்தப்புறம் அக்காள்.

பாதிப் படத்தில், தறிக்கார நண்பன், நூலைப் பற்றிச் சொன்ன அதே ஆள், கொட்டகைக்கே கேட்கும்படி கத்தினான். "கோதண்டம்! புலி எப்பய்யா வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது திரை முழுவதும் கதாநாயகியின் முகம் வந்தது. கன்னம் மினுமினுத்தது. உதடு இருக்க வேண்டிய இடத்தில் அழகாக இருந்தது.

பாவா எழுந்து நின்று கையை நீட்டினார். அன்று தெருவில் பேசாத மனிதர் கொட்டகையில் பேசினார். "தோ, அதான் நானு. நல்லா பாத்துக்க."

இன்னும் பெரிய சிரிப்பு. விசில் வேறு. அக்காள் மட்டும் சிரிக்கவில்லை. திரையிலிருந்த முகத்தைப் பார்த்தாள், கயிற்றுக்கு இந்தப்புறம் நின்ற முகத்தைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு, பக்கத்திலிருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்:

"ஆங், கன்னம் அவருதுதான். நல்லாத்தான் கீது."